கேட் புக்குல எலாதியோ இன்னும் உள்ளேதான் இருக்கார்

"நான் வெளியிலதாம்மா இருக்கேன்! உங்க முன்னாடிதானே நிக்கிறேன்!"

"நிக்கிறீங்க தோன் எலாதியோ. இல்லைன்னு நான் சொல்லலையே. ஆனா கம்ப்யூட்டர்ல நீங்க உள்ளே இருக்கீங்க."

"எதுக்குள்ளே?"

"ஜெயிலுக்குள்ளே."

"ஜெயிலே நாலு வருஷமா பூட்டிக் கிடக்குதே!"

"அதான் எங்களுக்கும் ஆச்சரியமா இருக்கு. பூட்டின ஜெயிலுக்குள்ளே இத்தனை நாள் என்னத்த சாப்பிட்டீங்க?"

"நான் ஆக்கிப் போட்டதைத்தான் தின்னாரு!" பக்கத்துல நின்ன அவர் சம்சாரம் தெல்ஃபினா கத்தினாங்க. தலையில சிப்பாக் கூடை. சீஸ் போட்டுச் சுட்ட அந்த வளைய ரொட்டி வாசனைக்கே வரிசை ரெண்டு அடி முன்னாடி நகர்ந்துச்சு. "மூணு வேளையும் தின்னாரு. குறையும் சொன்னாரு. ஜெயிலுக்குள்ள இருக்கிறவன் உப்பு பத்தலைன்னு எங்கிட்ட எப்படிம்மா சொல்லுவான்?"

ஜெயில் மறுதிறப்பு வாரியத்தோட கவுன்டர்ல இருந்த கிரிசெல்டா நல்ல பொண்ணுதான். அதையும் ஒரு தாள்ல குறிச்சுக்கிட்டா. "வெளியிலிருந்து உணவு வந்திருக்கிறது" அப்படின்னு.

தக்குவாரா ஊர்ல எலாதியோ கபான்யாஸைத் தெரியாதவங்க கிடையாது. மரியாதைக்குப் பேருக்கு முன்னாடி தோன் சேர்த்துத்தான் கூப்பிடுவாங்க. இருபத்திரண்டு வருஷம் அந்த ஊர் ஜெயில் வாசல்ல உட்கார்ந்து கேட் புக் எழுதினவர். உள்ளே போறவங்க பேர், அடையாள அட்டை நம்பர், நேரம், வந்த காரியம். வெளியே வர்றப்போ மறுபடி நேரம். ஜெயிலரோ, பாதிரியாரோ, இறைச்சி கொண்டு வர்ற வண்டிக்காரரோ, இவர் பேனா ஓடாம யாரும் அந்தக் கேட்டைத் தாண்ட முடியாது. ஒரு தடவை இவரோட சொந்த மச்சானே அட்டையை மறந்துட்டு வந்துட்டார். இவர் திருப்பி அனுப்பிட்டார். மச்சான் அன்னிக்கு வந்தது தண்ணி மோட்டார் ரிப்பேருக்கு. மூணு நாள் ஜெயில்ல யாரும் குளிக்கலை. ஆனா புக்குல ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

அந்தக் கேட்ல ஒரு பழக்கம் உண்டு. புக் எழுதுறவர் தன் பேரைத் தானே எழுதக் கூடாது. காலையில வந்தா, ராத்திரி ஷிஃப்ட்காரர் இவர் பேரை "உள்ளே"ன்னு எழுதுவார். சாயங்காலம் அடுத்த ஆள் வந்து "வெளியே"ன்னு எழுதுவார். தன் வரவு போக்கைத் தானே எழுதிக்கிறவன் எதையும் எழுதுவான்னு அங்கே ஒரு எண்ணம்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி, டிசம்பர் இருபத்து மூணாந்தேதி, ஜெயிலை மூடினாங்க. கைதிங்களையெல்லாம் தலைநகர் அசுன்சியோன் பக்கத்துல புதுசாக் கட்டின பெரிய ஜெயிலுக்கு ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. நாப்பத்தொரு ஊழியர்களுக்கும் ஆளுக்கொரு கிறிஸ்துமஸ் கேக்கும் வேலைநீக்கக் கடிதமும் கொடுத்தாங்க. எலாதியோ எல்லாரையும் ஒவ்வொருத்தரா வெளியேன்னு எழுதி அனுப்பினார். கடைசியா இவர் மட்டும் பாக்கி. இவரை எழுத ரிலீவர், அதாவது அடுத்த ஷிஃப்ட் ஆள், வரணும். ஆனா ஜெயிலே மூடியாச்சு, ரிலீவர் எங்கேருந்து வருவான்? இருட்டுற வரைக்கும் உட்கார்ந்து பார்த்தார். வேற யாராயிருந்தாலும் ஒரு வரியைக் கிறுக்கிட்டுப் போயிருப்பாங்க. இவர் கிறுக்கலை. கேட்டைப் பூட்டி, சாவியையும் புக்கையும் முனிசிபாலிட்டில ஒப்படைச்சுட்டு, கேக்கைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துட்டார்.

இப்போ அந்தப் பெரிய ஜெயில் நிரம்பி வழியுது. அதனால தக்குவாரா ஜெயிலை மறுபடி திறக்கப் போறாங்க. அதுக்குன்னே "சிறை மறுதிறப்பு மற்றும் பழைய ஊழியர் மறுநியமன உயர்வாரியம்"னு ஒண்ணு முளைச்சுது. பழைய ஊழியர்களுக்கே முன்னுரிமைன்னு ரேடியோவில சொன்னாங்க. வாரியம் வந்ததும் முதல் காரியமா பழைய கேட் புக்கை மொத்தமா கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க. கம்ப்யூட்டரும் சரியாத்தான் கணக்குப் பார்த்துச்சு. உள்ளே போனது இத்தனை பேர், வெளியே வந்தது இத்தனை பேர், ஒரு ஆள் பாக்கி.

எலாதியோவுக்கு அவசரம் இருந்துச்சு. பென்ஷனுக்கு இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ் வேணும். இருக்கிறது இருபத்திரண்டு. ஐம்பத்து மூணு வயசு ஆயிட்டா மறுபடி வேலைக்கு எடுக்க மாட்டாங்க. ஏப்ரல்ல இவருக்கு ஐம்பத்து மூணு. இப்போ நடக்குறது பிப்ரவரி. இந்த வாய்ப்பு போச்சுன்னா அந்த இருபத்திரண்டு வருஷமும் போச்சு. அப்புறம் சாகுற வரைக்கும் தெல்ஃபினாவுக்கு மரவள்ளி மாவு பிசைஞ்சு கொடுக்க வேண்டியதுதான். நாலு வருஷமா அதைத்தான் பண்ணிட்டு இருக்கார், அதுவும் சரியா வரலைன்னு தினம் திட்டு.

மறுநியமனத்துக்கு மொத்தம் பதினோரு சான்றிதழ் கேட்டிருந்தாங்க. முதல் சான்றிதழ் போலீஸ் ஸ்டேஷன்ல தர்றது. இன்னார் உயிரோட இருக்கார், இன்ன இடத்துல குடியிருக்கார்ங்கிற சான்று. எலாதியோ போய் நின்னார். எஸ்.ஐ. அந்த ஊர்ப் பானமான தெரெரேயை உறிஞ்சிக்கிட்டே கம்ப்யூட்டரைத் தட்டினார். ஐஸ் தண்ணியும் மூலிகையும் போட்ட அந்தக் குவளையை இவர் கையிலயும் ஒரு வாய் கொடுத்தார். மரியாதையெல்லாம் குறைச்சலே இல்லை.

"உயிரோட இருக்கீங்க. அதுல பிரச்னை இல்லை."

"ரொம்ப சந்தோஷம்."

"வாரியம் ஏத்தின கணக்குப்படி குடியிருப்பு, தக்குவாரா ஜெயில்னு வருது."

"என் வீடு உங்க ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்குய்யா. அந்தா, பச்சைக் கதவு. போன வாரம் நீங்க வந்து சோள ரொட்டி சாப்பிட்டீங்களே."

எஸ்.ஐ. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தார். பச்சைக் கதவு தெரிஞ்சுது. கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதுல தெரியலை.

"தோன் எலாதியோ, நான் பார்த்ததை எழுத எனக்கு அதிகாரம் இல்லை. கம்ப்யூட்டர் பார்த்ததைத்தான் எழுத முடியும். இப்போதைக்கு உயிர்ச் சான்று மட்டும் தர்றேன். வாசச் சான்றுக்கு நீங்க ஜெயில்லேருந்து வெளியே வந்ததும் வாங்க."

"சரி" அப்படின்னு சொல்லிட்டு வந்துட்டார். எலாதியோவுக்கு வாதாடத் தெரியாது. விதிமுறைன்னு சொன்னா அவருக்குக் கை தானாவே கீழே இறங்கிடும்.

அடுத்து வாரியம் ஒரு பயிலரங்கம் வெச்சாங்க. "மறுநியமனம் கோருவோரின் வேலைவாய்ப்பு எதிர்காலம்." மூணு நாள், சர்ச் ஹால்ல. வராதவங்க மனு தள்ளுபடி. நாப்பத்தொரு பேரும் வந்து மடக்கு நாற்காலியில உட்கார்ந்தாங்க. வாரியத் தலைவர் டாக்டர் பிரிட்டெஸ் மேடை ஏறினார். ஊசி போடுற டாக்டர் இல்லை. சட்டம் படிச்சவர், அதனால எல்லாரும் டாக்டர்னு கூப்பிடுவாங்க.

"நண்பர்களே," அப்படின்னார், "ஜெயில்னா எப்படி இருக்கும்னு எனக்கு சினிமாவுல பார்த்துத்தான் தெரியும். அதனாலதான் என்னைத் தலைவராப் போட்டாங்க. எனக்கு எந்த முன்முடிவும் கிடையாது."

எல்லாரும் கை தட்டினாங்க. கை தட்டினதுக்கும் வருகைப் பதிவுல ஒரு கட்டம் இருந்துச்சு.

"பழைய ஊழியர்களுக்கு முன்னுரிமைன்னு சொன்னோம். அதுல உறுதியா இருக்கோம். ஆனா அனுபவம்னா என்ன? பழக்கம். பழக்கம்னா என்ன? பழைய தப்பு. அதனால பழைய ஊழியர்கள்லயே அனுபவம் இல்லாதவங்களைத் தேடிட்டு இருக்கோம். எதிர்காலம் பிரகாசமா இருக்கு. இந்தப் பயிலரங்கம் நடத்துறதுக்கு மட்டுமே பதினாலு பேருக்கு வேலை கொடுத்திருக்கோம். உங்களால எவ்வளவு பேர் பிழைக்கிறாங்கன்னு நினைச்சுப் பாருங்க!"

"அந்தப் பதினாலுல எங்கள்ல யாராச்சும் உண்டா டாக்டர்?" பின்னாடியிருந்து ஒரு பழைய வார்டர் கேட்டார்.

"நல்ல கேள்வி. கேள்விகள் மூணாம் நாள்."

அப்புறம் பயிற்சியாளர் வந்தார். ஹாலே எழுந்து நின்னுடுச்சு, மரியாதையில இல்லை, திகைச்சுப் போய். வந்தது செஃபெரினோ. மாடு திருடி மூணு தடவை உள்ளே போய் வந்த ஆள். மறுவாழ்வு ஒதுக்கீட்டுல வாரியம் அவரை வேலைக்கு எடுத்திருந்துச்சு. சட்டையில அட்டை தொங்குது. அவர் மனுவுல எழுதியிருந்தது இதுதான்: பதினோரு வருஷம் நிறுவனத்துக்குள்ளேயே தங்கிய அனுபவம், ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை.

"உட்காருங்கண்ணே, உட்காருங்க," அப்படின்னார் செஃபெரினோ. அவருக்கே கூச்சமா இருந்துச்சு. "இன்டர்வியூல எப்படிப் பதில் சொல்றதுன்னு நான் சொல்லித் தரணுமாம். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கூட இருந்தவன் பேரைச் சொல்லாதீங்க. அவ்வளவுதான்."

மூணு நாள் பயிலரங்கத்துல உருப்படியாச் சொன்னது அந்த ரெண்டு வரிதான்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

இடைவேளையில மாமர நிழல்ல ரெண்டு பேரும் தெரெரே குடிச்சாங்க. செஃபெரினோதான் தண்ணி ஊத்திக் கொடுத்தார்.

"அண்ணே, இத்தனை வருஷம் என்னை உள்ளே எழுதி வெளியே எழுதினது நீங்க. உங்களை வெளியே எழுத ஒரு நாதி இல்லாமப் போச்சே."

"நீ சிரி. என் பென்ஷன் போவுது."

"சிரிக்கலைண்ணே. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மூணு தடவை நான் வெளியே வந்தப்பவும் நீங்க ஒருத்தர்தான் நேரத்தைச் சரியாப் போட்டீங்க. மத்தவன்லாம் பத்து நிமிஷம் தள்ளித்தான் போடுவான். அந்தப் பத்து நிமிஷம் உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரியும்."

எலாதியோ குவளையை வாங்கி உறிஞ்சினார்.

பயிலரங்கம் முடிஞ்ச மறுநாள் வாரியம் இவர் விஷயத்தை ஆராய்ஞ்சு முடிவு சொல்லிச்சு. கிரிசெல்டா நிதானமாப் படிச்சுக் காட்டினா. மூடின ஜெயிலுக்குள்ள ஊழியர் இருக்க முடியாது, எல்லாரையும் நீக்கியாச்சு. பார்வையாளரும் இருக்க முடியாது, பார்வை நேரம் சாயங்காலம் நாலு மணியோட முடிஞ்சிடும். ஜெயிலுக்குள்ள மிச்சம் இருக்கக் கூடியது ஒரே வகைதான். கைதி. ஆனா இந்தக் கைதியை ஊர்ல எல்லாரும் வெளியில பார்த்திருக்காங்க. அதனால தப்பியோடிய கைதி.

"நான் தப்பி ஓடலைம்மா. பூட்டிட்டு நடந்து வந்தேன்."

"அப்படியே எழுதிக் கொடுங்க தோன் எலாதியோ. இந்த ஃபாரம்ல ஒரு கையெழுத்து. தப்பியோடினேன், வருந்துகிறேன். முதல் குற்றம், மன்னிச்சுடுவாங்க. மன்னிச்சதும் நீங்க முன்னாள் கைதி. மறுவாழ்வு ஒதுக்கீட்டுல நேரா வேலை. பதினோரு சான்றிதழும் வேண்டாம். திறப்பு விழா மத்தியானம் வரைக்கும் டைம் இருக்கு." குரலைத் தாழ்த்தி, "எங்க மாமாவும் வார்டர்தான். அவர்கிட்டேயும் இதையேதான் சொன்னேன். அவருக்கு அந்த யோகம் இல்லை, வெளியேன்னு எழுதிட்டாங்க" அப்படின்னா.

வீட்டுல தெல்ஃபினா ஃபாரத்தை மேஜையில விரிச்சுப் போட்டாங்க.

"போடுய்யா கையெழுத்தை."

"பொய்யி தெல்ஃபினா."

"பொய்யின்னா என்ன, ஒரு வரிதானே?"

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு வரி தப்பா எழுதினதில்லை."

"அதுதான் இப்போ நம்மளை இங்க கொண்டு வந்து விட்டிருக்கு! அன்னிக்கே வெளியேன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா இன்னிக்கு இந்தக் கூத்து உண்டா?" கொஞ்ச நேரம் மாவைப் போட்டுக் குத்தினாங்க. அப்புறம் குரல் இறங்கிச்சு. "கைதி பொண்டாட்டின்னு சொல்வாங்களேன்னு பார்க்கிறியா? சொல்லட்டும். சிப்பா இன்னும் ரெண்டு கூடை சேர்த்து விக்கும். எனக்கு நீ ஏப்ரலுக்கு முன்னாடி அந்தக் கேட் நாற்காலியில போய் உட்காரணும். அவ்வளவுதான்."

எலாதியோ ஃபாரத்தை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சார். பேனாவையும் வெச்சார். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு, ஒண்ணை ஒண்ணு தொடலை.

திறப்பு விழா அன்னிக்குக் கொளுத்துற வெயில். ஹார்ப் வாசிக்கிறவர் வந்துட்டார். ரிப்பன் கட்டியாச்சு. டாக்டர் பிரிட்டெஸோட அசுன்சியோன்லேருந்து வந்த விருந்தாளிங்க நாப்பத்து மூணு பேர், கோட்டு சூட்டு. சாப்பாடு, ஃபேன், மேடை எல்லாம் உள்ளே முற்றத்துல. ரிப்பனை வெட்டினாங்க. எல்லாரும் ஒரு காலை எடுத்து வெச்சாங்க. அங்கேதான் கிரிசெல்டா கையைத் தூக்கினா.

"டாக்டர், புது விதிமுறைப் புத்தகம், முதல் விதி. கேட் எழுத்தர் கேட் புக்குல எழுதாம யாரும் உள்ளே போகக் கூடாது. நீங்கதான் போன வாரம் கையெழுத்துப் போட்டீங்க. கேமராவும் ஓடிக்கிட்டிருக்கு."

"சரி, எழுதச் சொல்லு."

"எழுத்தர் பதவி காலி டாக்டர். சான்றிதழ் சரிபார்ப்புல இருக்கு."

நாப்பத்து மூணு பேரும் வெயில்ல நின்னாங்க. வார்டர்ங்க எல்லாம் ரோட்டோரத்துல நின்னு வேடிக்கை பார்த்தாங்க. ஹார்ப்காரர் ரெண்டு பாட்டு முடிச்சுட்டார். ஒரு அம்மா குடையை விரிச்சாங்க, இன்னொருத்தர் அதுக்குள்ள நுழைஞ்சார். அப்போ செஃபெரினோ மெல்ல முன்னாடி வந்து தலையைச் சொறிஞ்சார்.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. நம்ம கம்ப்யூட்டர் கணக்குல இந்தக் கேட்டுக்கு உள்ளே இருக்கிற ஒரே ஆள் தோன் எலாதியோதான். அவரைத்தான் யாரும் உள்ளே விட வேண்டியதில்லை."

டாக்டர் பிரிட்டெஸ் நெத்தியைத் துடைச்சார். "யாரா இருந்தா என்ன, எழுதச் சொல்லுய்யா!"

எலாதியோ போய் அந்த நாற்காலியில உட்கார்ந்தார். புக்கைப் பிரிச்சார். நாலு வருஷத்துக்கு முந்தின கடைசி வரிக்குக் கீழே தேதி போட்டார்.

"அடையாள அட்டை?"

"என்னைத் தெரியாதா? நான் வாரியத் தலைவர்!"

"தெரியும் டாக்டர். அட்டை?"

அட்டை கார்ல இருந்துச்சு. காரை நிழல் தேடி ஒரு கிலோமீட்டர் தள்ளி நிறுத்தியிருந்தாங்க. டிரைவர் ஓடிப் போய் எடுத்துட்டு வந்தார்.

"வந்த காரியம்?"

"திறப்பு விழாச் சொற்பொழிவு."

"சொற்பொழிவு," அப்படின்னு எழுதினார். நாப்பத்து மூணு பேரையும் ஒவ்வொருத்தரா எழுதி உள்ளே விட ஒண்ணரை மணி நேரம் ஆச்சு.

உள்ளே டாக்டர் பிரிட்டெஸ் பேசினார். "இன்றைக்குக் கைதிகள் வர ஒரு பஸ் போதும். ஊழியர்கள் வரப் பதினோரு சான்றிதழ் வேணும். ஏன்? கைதிகள் மேல நமக்கு நம்பிக்கை இருக்கு, அவங்க என்ன செஞ்சாங்கன்னு நமக்குத் தெரியும்!" சாப்பாடு நல்லா இருந்துச்சு. மூணு மணிக்கு எல்லாரும் வயித்தைத் தடவிக்கிட்டுக் கேட்டுக்கு வந்தாங்க.

எலாதியோ எழுந்து நின்னார். பையிலேருந்து அந்த ஃபாரத்தை எடுத்து புக் மேல வெச்சார். மத்தியானம் தாண்டிடுச்சு, கையெழுத்து இல்லை.

"டாக்டர், வெளியேன்னு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். நான் தப்பியோடின கைதின்னு இதுல இருக்கு. கைதி எழுதினா புக்குல செல்லாது. அப்போ உங்க யாருமே உள்ளே வந்தது செல்லாது. நான் எழுதுற வெளியேவும் செல்லாது."

"அப்படின்னா?"

"அப்படின்னா நீங்க எல்லாரும் என்னை மாதிரிதான். கம்ப்யூட்டர்ல உள்ளேயே இருப்பீங்க." அவர் மிரட்டலை. நிஜமாவே கவலையாத்தான் சொன்னார். "வாசச் சான்று வாங்குறது ரொம்பக் கஷ்டம் டாக்டர். நான் பட்டிருக்கேன்."

குடை வெச்சிருந்த அம்மா, "ஐயோ, அடுத்த மாசம் எனக்கு வீடு ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கே" அப்படின்னாங்க. நாப்பத்து மூணு பேரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சாங்க.

"இவர் கைதி இல்லைன்னா என்னன்னு எழுதுறது?" டாக்டர் பிரிட்டெஸ் பல்லைக் கடிச்சுக்கிட்டு கிரிசெல்டாவைக் கேட்டார்.

"டூட்டில இருக்கிற எழுத்தர்னு எழுதணும் டாக்டர். ரிலீவர் வராததால டூட்டி முடியவே இல்லை."

"நாலு வருஷமாவா? வீட்டுல இருந்தாரே!"

"சாப்பாட்டு இடைவேளைன்னு போடலாம்."

விழா அழைப்பிதழோட பின்பக்கத்துல அங்கேயே தீர்மானம் எழுதினாங்க. எலாதியோ கபான்யாஸ், கேட் எழுத்தர், ஜெயில் மூடிய அன்றிலிருந்து இன்று வரை இடைவிடாத பணியில் உள்ளார், நடுவில் நாலு வருஷம் ரெண்டு மாசம் சாப்பாட்டு இடைவேளை. டாக்டர் கையெழுத்து, வாரிய முத்திரை. எலாதியோ அதை ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துட்டு, நாப்பத்து மூணு பேரையும் வெளியேன்னு எழுதினார். யாருக்கும் ஒரு நிமிஷம்கூட முன்னே பின்னே போடலை.

தெல்ஃபினா ரோட்டோரத்துல நின்னு விரல் விட்டு எண்ணினாங்க. "இருபத்திரண்டும் நாலும்... யோவ்! இருபத்தாறுய்யா! வேலையே வேண்டாம்யா, பென்ஷனே வந்துடுச்சு!" மிச்சம் இருந்த சிப்பாவையெல்லாம் அங்கேயே காசு வாங்காம வார்டர்ங்களுக்குக் கொடுத்தாங்க. செஃபெரினோ மூணு எடுத்தார், ஆனா கேட்டுட்டுத்தான் எடுத்தார்.

பென்ஷன் ஆபீஸ்லயும் ஒத்துக்கிட்டாங்க. எல்லாத் தாளும் சரி. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி: அவர் பணியை விட்டு வெளியே போனதா கேட் புக்குல ஒரு வரி. அதை ரிலீவர்தான் எழுதணும். ரிலீவர் பதவிக்கு மனு போட்ட பழைய ஊழியர்கள் நாப்பது பேரோட சான்றிதழும் இன்னும் சரிபார்ப்புல இருக்கு.

இந்தத் தடவை எலாதியோ வீட்டுக்குப் போகலை. "ஒரு தடவை பட்டது போதும்" அப்படின்னு கேட் ரூம்லயே உட்கார்ந்துட்டார். இன்னியோட பத்தொன்பது நாள். தெல்ஃபினா மூணு வேளையும் சாப்பாடு கொண்டு வராங்க, உப்பு பத்தலைன்னு அவர் இன்னும் சொல்றார். நூத்தி எண்பது கைதிங்க வந்து இறங்கியாச்சு, அரை நாள்ல எழுதி உள்ளே விட்டுட்டார். உள்ளே ஒழுங்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வார்டர்ங்க இன்னும் வராததால கைதிங்களே பார்த்துக்கிறாங்க, அவங்களுக்குத்தான் அனுபவம்.

அதனாலதான் இதைப் படிக்கிற உங்களைக் கேக்குறது. ரிலீவர் பதவிக்கு இப்போ வெளியாட்களும் மனு போடலாம்னு வாரியம் அறிவிச்சிருக்கு. எழுதத் தெரியணும், உயிரோட இருக்கணும், அதுக்குச் சான்று இருக்கணும். ஒரே ஒரு நாள் வந்தாப் போதும், ஒரே ஒரு வரி எழுதணும்: எலாதியோ கபான்யாஸ், வெளியே, நேரம். அந்த மனுஷனும் பென்ஷனை வாங்கிட்டு நிம்மதியா மாவு பிசையப் போவார். அதுக்கப்புறம் உங்களை யார் வெளியேன்னு எழுதுவாங்கன்னு கேட்டா, அதுக்கு வாரியம் ஒரு குழு போட்டிருக்குன்னு கிரிசெல்டா சொல்றா. உங்கள்ல யாராச்சும் வர முடியுமா? உங்க வீட்டுல, தெருவுல வேலை தேடிக்கிட்டு யாராச்சும் இருக்காங்களா? தயவு பண்ணி, இருந்தா இருக்காங்கன்னு, இல்லைன்னா இல்லைன்னு, கீழே ஒரு வரி பதில் போடுங்க.